திருகாணியும் ஒரு பூட்டே

இல்லந்தோறும் ஒரு திருப்புளி உண்டு. மின்விசிறியோ வானொலியோ பழுதுற்றால் அதைக் கொண்டு திறந்து பார்ப்பது நம் குடும்பங்களின் வழக்கம். ஆனால் இன்று நாம் வாங்கும் பொருள்கள் பலவற்றுக்கு அத்திருப்புளி பொருந்துவதில்லை. அவற்றின் திருகாணித் தலைகள் வேறு வடிவில் அமைந்திருப்பதே காரணம்.

கூட்டல் குறி போன்ற பிலிப்ஸ் தலை 1930-களில் அமெரிக்க மோட்டார்த் தொழிலில் இடம்பெற்றது. ஆறுமுனை நட்சத்திரமான டார்க்ஸ் 1967-இல் வந்தது. அந்நட்சத்திரத்தின் நடுவே சிறு முளை ஒன்றை வைத்துவிட்டால் சாதாரண டார்க்ஸ் கருவி நுழையாது. நுனியில் துளையுள்ள கருவியே நுழையும். மூன்று சிறகுத் தலையும், முடுக்க இடந்தந்து கழற்ற இடந்தராத ஒருவழித் திருகாணியும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

இவை யாவும் தீங்கானவை என்று நாம் கூறவில்லை. மைக்ரோவேவ் அடுப்பினுள் இருக்கும் மின்தேக்கி, பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் உயிரைப் பறிக்கும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். அங்கே திருகாணி காவலனாக நிற்கிறது. அதைத் திறக்க முயலாதிருப்பதே அறிவுடைமை.

கைபேசியின் நிலை வேறு. 2010-இல் வெளிவந்த ஐபோன் 4-இன் அடிப்புறத்தில் முதலில் பிலிப்ஸ் திருகாணிகளே இருந்தன. 2011-இன் தொடக்கத்தில், பழுதுபார்க்கக் கொடுத்த கைபேசிகள் ஐந்து இதழ் மலர் போன்ற பென்டலோப் திருகாணிகளுடன் திரும்பி வந்தது தெரியவந்தது. பேட்டரி ஒன்றை மாற்றினால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும் பொருளை, திறக்க வழியின்றி ஒதுக்கிவிடுவது ஏழைக் குடும்பத்திற்குப் பேரிழப்பு அன்றோ? விரைவில் ஐஃபிக்ஸிட் என்னும் நிறுவனம் அதற்குரிய கருவியை விற்கத் தொடங்கியது.

இன்று ஒரே கைப்பிடியும் பல முனைகளும் அடங்கிய சிறு பெட்டிகள் குறைந்த விலைக்கே கிடைக்கின்றன. வாங்குமுன் திருகாணியின் வடிவத்தையும் அளவையும் குறித்துக்கொள்க. ஐபோனின் அடிப்புறத்திற்கு 0.8 மில்லிமீட்டர் பென்டலோப் முனை வேண்டும். டார்க்ஸ் முனைகளில் நடுத்துளை உள்ளவற்றையே தேர்ந்தெடுங்கள்; முளையில்லாத திருகாணிக்கும் அவை உதவும். மென்மையான எஃகு எளிதில் மழுங்கும் ஆதலால், மிக மலிவானவற்றைத் தவிர்ப்பது நன்று. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கினால் செலவு இன்னும் குறையும்.

கத்தி முனையால் நெம்பாதீர்கள். தலை சிதைந்துவிட்டால் சரியான கருவியும் பயன்படாது. தலை வெளியே துருத்திநிற்கும் ஒருவழித் திருகாணியில், இரும்பறுக்கும் வாளால் சிறு வெட்டு வெட்டி, சாதாரணத் திருப்புளியால் கழற்றலாம்.

பழுதுபார்க்கும் உரிமைக்கென நம் நடுவண் அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இதுபற்றிச் சட்டமே இயற்றியது. அடுத்த முறை கைபேசி வாங்கும்போது, விலையைக் கேட்குமுன், "இதன் பேட்டரியை நம்மூரிலேயே மாற்ற இயலுமா?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.