கழுத்தில் நெறி: சிகிச்சைக்கு முன் விரல்கள் அறிய வேண்டியவை

தலைவலி, தாடை மூட்டு வலி, முகவாதம், கழுத்துப் பிடிப்பு ஆகியவற்றுக்காக இயன்முறை மருத்துவரிடம் வருவோருக்கு, மூட்டசைவையும் தசை வலிமையையும் சோதிப்பதோடு நிணநீர்க் கணுக்கள் வீங்கி நெறி கட்டியுள்ளனவா என்றும் தொட்டுப் பார்ப்பது அவசியம். ஏனெனில், வெறும் தசைப்பிடிப்பாகத் தோன்றும் வலிக்குப் பின்னால் நோய்த்தொற்றோ காசமோ புற்றுநோயோ இருக்கக்கூடும். திசுக்களிலிருந்து வடியும் நிணநீரை வடிகட்டிக் கிருமிகளைத் தடுக்கும் சிற்றுறுப்புகளான இக்கணுக்கள் உடலில் சுமார் 600 முதல் 800 வரை இருக்க, அவற்றுள் ஏறத்தாழ 300 தலை, கழுத்துப் பகுதியிலேயே அமைந்துள்ளன.

நோயாளியை உட்காரவைத்து, கழுத்துத் தசைகள் தளரும்படி தலையைச் சற்றே முன்சாய்த்து, பின்னால் நின்று, விரல் நுனிகளின் சதைப்பகுதியால் மெல்ல வட்டமாக உருட்டி, இரு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை. மோவாய்க்கு அடியில் தொடங்கி, தாடையின் கீழ்விளிம்பு, காதின் முன்புறம், பின்புறம், பிடரி, கழுத்தின் பக்கவாட்டுத் தசையோரம் எனச் சென்று, காறை எலும்புக்கு மேலுள்ள பள்ளத்தில் சோதனை முடிகிறது. கழுத்தின் இரு பக்கத் தமனிகளையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் மயக்கம் வரலாம் என்பதால், அங்கே ஒவ்வொரு பக்கமாகவே தொட வேண்டும்.

கணு வீங்கியுள்ள இடமே நோயின் மூலத்தைச் சுட்டும். சொத்தைப்பல்லால் தாடைக்கடியிலும், பேன்கடியைச் சொறிந்து புண்ணான தலையால் பிடரியிலும் நெறி கட்டும். வயிற்றிலிருந்து மேலேறும் மார்பு நிணநீர்க் குழாய் இடப்புறக் கழுத்தடியில் சிரையுடன் சேர்வதால், இடக் காறை எலும்பின் மேல் தென்படும் கணு, இரைப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். இத்தொடர்பை விளக்கிய ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோவின் பெயராலேயே அக்கணு இன்றும் அறியப்படுகிறது.

பொதுவாக 1 சென்டிமீட்டருக்கு உட்பட்டு, மென்மையாக, விரலுக்கடியில் நழுவும் கணு அச்சத்துக்குரியதன்று. தொட்டால் வலித்து நகர்வது பெரும்பாலும் தொற்றையும், ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டிருப்பது காசத்தையும், ரப்பர்போல் உறுதியாக இருப்பது நிணநீர்த் திசுப் புற்றையும், வலியின்றிக் கல்லாக இறுகி அசையாதிருப்பது பரவிய புற்றையும் ஐயுற வைக்கும். எனினும் தொடுகை தருவது குறிப்பு மட்டுமே. உறுதி செய்பவை ஸ்கேனும் திசுச் சோதனையுமே.

ஐயத்துக்குரிய கணு தென்பட்டால், அவ்விடத்தில் மசாஜும் வெப்பச் சிகிச்சையும் தவிர்த்து, இடம், அளவு, தன்மை ஆகியவற்றைக் குறித்து, நோயாளியை உரிய மருத்துவரிடம் அனுப்புவதே இயன்முறை மருத்துவரின் கடமையாகும். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் நெறியையோ, காய்ச்சல், இரவு வியர்வை, எடைக்குறைவு ஆகியவற்றுடன் தோன்றும் நெறியையோ எவரும் கைவைத்தியத்துக்கு விட்டுவிடலாகாது.