இறக்கம்தானே என்று எண்ண வேண்டாம்

கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் சமாரியா என்றொரு நீண்ட மலையிடுக்கு இருக்கிறது. 'வெள்ளை மலைகள்' என்னும் தொடரில், சுமார் 1,230 மீட்டர் உயரத்தில் நடக்கத் தொடங்கினால், 16 கி.மீ. தாண்டி லிபியக் கடலோரம் அகியா ரூமேலி என்ற சிற்றூரில் பாதை முடிகிறது. பணி ஓய்வுக்குப் பின் மகள் குடும்பத்தோடு போய் இதை நடந்து பார்த்தேன். "இறக்கம்தானே மாமா" என்றார் மாப்பிள்ளை.

ரயில்வேக்காரனுக்கு இறக்கம் என்றால்தான் கவலை. நாம் மும்பையிலிருந்து புனே செல்லும் போர் காட் மலைப்பாதையின் சரிவு 37-க்கு 1. ஏறும் வண்டியைப் பின்னாலிருந்து கூடுதல் என்ஜின்கள் தள்ளும். இறங்கும் வண்டிக்கோ பிரேக் சோதனை, வேகக் கட்டுப்பாடு, பிரேக் பிடிக்காமல் ஓடிவந்தால் திருப்பிவிட கேட்ச் சைடிங் என்று எத்தனையோ ஏற்பாடுகள். சமாரியாவின் சராசரிச் சரிவு 13-க்கு 1. பல்சக்கரத்தில் ஓடும் ஊட்டி ரயிலின் கல்லாறு–குன்னூர் சரிவை ஏறக்குறைய ஒத்தது. அதிலும் பாதி உயரத்தை முதல் நான்கு கிலோமீட்டரிலேயே இறங்கியாக வேண்டும்.

நம் உடம்பின் பிரேக் முன்தொடைத் தசைதான். ஏறும்போது அது சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே பளுவைத் தாங்குகிறது. அதனால் வலி அன்றைவிட மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் அதிகம். படி இறங்குகையில் முழங்கால் மூட்டில் விழும் பளு உடல் எடையைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். ஆகவே சிறு அடிகளாக வைத்து, கைத்தடி ஊன்றி இறங்கினேன்.

நடுவழியில் வெளியேறச் சாலை கிடையாது. வழியிலுள்ள சமாரியா கிராமத்து மக்கள் 1962-ல் தேசியப் பூங்கா அமைந்தபோது வெளியேறிவிட்டார்கள். கால் பிசகினால் கோவேறு கழுதைமேல்தான் கொண்டுவர வேண்டும். பாறைச் சுவர்கள் சுமார் 4 மீட்டர் அகலத்துக்கு நெருங்கும் 'இரும்புக் கதவு' என்ற இடத்தைத் தாண்டிக் கடலை அடைந்தாலும், அங்கிருந்து படகில்தான் வெளியூர் போக முடியும். மழைக்காலத்தில் வெள்ளமும் கல்சரிவும் உண்டு என்பதால் மே முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும்.

பிள்ளைகள் இப்படிப்பட்ட இடங்களுக்கு அழைத்தால் மறுக்காதீர்கள். ஆனால் இரண்டு மாதம் முன்பிருந்தே லிஃப்டில் ஏறி, படியில் இறங்கிப் பழகுங்கள். மூட்டுவலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, படகில் அகியா ரூமேலிக்கே நேராக வந்து, அங்கிருந்து இரும்புக் கதவு வரை மட்டும் நடந்து திரும்பலாம். மலையிடுக்கின் மிக அழகான பகுதி அதுதான்.