4கே மானிட்டர் வாங்கியாச்சு, மவுஸ் ஏன் இழுக்குது? கிராபிக்ஸ் கார்டுக்குப் பணம் கொடுக்கும் முன் இதைப் பாருங்க!

சேலம் மாவட்டம் இளம்பிள்ளை பக்கம் போனால், தறிச் சத்தத்துக்கு நடுவே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து சேலைக்கு டிசைன் போடுபவர்களைப் பார்க்கலாம். பார்டர், முந்தி, புட்டா எல்லாம் திரையில் கட்டம் கட்டமாகத்தான் உருவாகிறது. ஒவ்வொரு கட்டமும் ஜக்கார்டுக்கு ஒரு உத்தரவு: இந்த இடத்தில் பாவு நூலைத் தூக்கணுமா, வேண்டாமா. ஒரு புள்ளி தப்பாக விழுந்தால், அந்த டிசைன் திரும்பி வரும் ஒவ்வொரு இடத்திலும் அதே தப்பு சேலையில் விழும்.

2688 ஹூக் உள்ள எலக்ட்ரானிக் ஜக்கார்டுக்கு டிசைன் போட்டால், அகலத்தில் 2688 புள்ளிகள். சாதாரண ஃபுல் ஹெச்டி மானிட்டரின் அகலம் 1920 புள்ளிதான். முழு டிசைனையும் உள்ளது உள்ளபடி ஒரே திரையில் பார்க்கவே முடியாது. 4கே மானிட்டரில் 3840 புள்ளி இருப்பதால் அகலம் முழுவதும் அடங்கிவிடும். அதனால் டிசைனர்கள் 4கே பக்கம் போவதில் நியாயம் இருக்கிறது. நாமக்கல், சேலம் ஸ்டூடியோக்களில் கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களுக்கும், லாரி பாடி பட்டறைக்கு டிராயிங் போடுபவர்களுக்கும் இதே கதைதான்.

பிரச்னை மானிட்டர் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பிக்கும். படம் பளிச்சென்று வருகிறது, ஆனால் மவுஸ் இழுத்து இழுத்து நகர்கிறது. கடையில் கேட்டால் "கார்டு பத்தலைங்க, மாத்தணும்" என்பார்கள். கார்டு மாற்றினாலும் சில நேரம் அதே இழுவை. ஏன்?

முதலில் பார்க்க வேண்டியது போர்ட்!

ஃபுல் ஹெச்டி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 4கே-யில் சுமார் 83 லட்சம், அதாவது சரியாக நான்கு மடங்கு. இத்தனை புள்ளிகளையும் நொடிக்கு 60 முறை அனுப்ப, கிட்டத்தட்ட 12 ஜிபிபிஎஸ் அளவுக்குப் படத் தகவல் மட்டுமே கேபிள் வழியாக ஓட வேண்டும்.

பழைய ஹெச்டிஎம்ஐ 1.4 போர்ட்டின் மொத்தக் கொள்ளளவே 10.2 ஜிபிபிஎஸ்தான். அதனால் 4கே படத்தை நொடிக்கு 30 முறைக்கு மேல் முழு நிறத்தோடு அனுப்ப அதனால் முடியாது. மவுஸ் இழுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த 30 ஹெர்ட்ஸ்தான். 2013-ல் வந்த ஹெச்டிஎம்ஐ 2.0-வில் 18 ஜிபிபிஎஸ் போகும். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு அது போதும். டிஸ்ப்ளே போர்ட் என்றால் 1.2 பதிப்பிலேயே 4கே 60 வந்துவிடும். 120 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் ஹெச்டிஎம்ஐ 2.1 அல்லது டிஸ்ப்ளே போர்ட் 1.4 வேண்டும்.

உங்கள் கம்ப்யூட்டரில் இப்போது எவ்வளவு வருகிறது என்று ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போனால் ரெஃப்ரெஷ் ரேட் தெரியும். 30 என்று இருந்தால் கார்டைக் குறை சொல்வதற்கு முன் கேபிளையும் போர்ட்டையும் பாருங்கள்.

கார்டே வாங்காமல் வேலை முடியுமா?

பல பேருக்கு முடியும். நம்ம ஊர்களில் ஆபீஸ்களில் இருந்து வந்த செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப்கள் நிறைய புழங்குகின்றன. இன்டெல் 4-ஆம் தலைமுறையில் இருந்து 9-ஆம் தலைமுறை வரையிலான ஐ5 கம்ப்யூட்டர்களில் பொதுவாக ஹெச்டிஎம்ஐ வழியாக 4கே வந்தாலும் 24 அல்லது 30 ஹெர்ட்ஸ்தான். ஆனால் அதே ப்ராசஸர் டிஸ்ப்ளே போர்ட் வழியாக 4கே 60 ஹெர்ட்ஸ் தரும்! ஆபீஸ் மாடல்கள் பலவற்றில் பின்பக்கம் டிஸ்ப்ளே போர்ட் சும்மாதான் கிடக்கும். மானிட்டரிலும் அந்த போர்ட் இருந்தால், சில நூறு ரூபாய் கேபிளோடு கதை முடிந்தது. சேலை டிசைன், டிராயிங், கணக்கு வேலைக்கு இதுவே தாராளம்.

ஒரு எச்சரிக்கை. ப்ராசஸர் பெயரின் கடைசியில் 'எஃப்' என்று இருந்தால், உதாரணமாக ஐ5-12400எஃப், அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. கார்டு போடாமல் திரையில் எதுவுமே வராது.

கன்வெர்ட்டரிலும் ஏமாறுவார்கள். டிஸ்ப்ளே போர்ட்டில் இருந்து ஹெச்டிஎம்ஐ-க்கு மாற்றும் சாதாரண கேபிள் ஒரு திசையில் மட்டும்தான் வேலை செய்யும். கம்ப்யூட்டரில் ஹெச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளே போர்ட் என்றால் அந்தக் கேபிளைத் திருப்பிப் போட்டுப் பிரயோஜனம் இல்லை.

60 வந்துவிட்டது, நிறம் சரியா?

டிசைனர்கள் அவசியம் கவனிக்க வேண்டிய இடம் இது. சில பழைய கார்டுகள் ஹெச்டிஎம்ஐ 1.4-லேயே 4கே 60 காட்டும். எப்படி என்றால், நிறத் தகவலைக் கால் பங்காகக் குறைத்து அனுப்பும். நான்கு புள்ளிக்குச் சேர்த்து ஒரே நிறம். சினிமா பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் அரக்குப் புள்ளிக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வைத்து டிசைன் போடுபவருக்கு இரண்டும் கலந்து மங்கலாகத் தெரியும். தப்பான புள்ளி கண்ணில் படாமல் தறிக்குப் போய்விடும். அதே அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தில் கலர் ஃபார்மேட் என்று இருக்கும். அதில் ஆர்ஜிபி என்று வருகிறதா பாருங்கள்.

சரி, கார்டு வாங்கத்தான் வேண்டும் என்றால்?

"4 ஜிபி கார்டு, 4கே-க்கு ஏத்தது" என்று மெமரியைச் சொல்லி விற்பார்கள். ஒரு 4கே படத்தைத் திரையில் நிறுத்தி வைக்க சுமார் 33 எம்பி போதும். வெறும் டிஸ்ப்ளேவுக்கு மெமரி ஒரு அளவுகோலே இல்லை. விலை குறைவு என்று ஜிடி 710 வாங்கினால், அந்தக் கார்டுகள் பெரும்பாலானவற்றில் ஹெச்டிஎம்ஐ-யில் 4கே 30-தான். ஜிடி 1030-ல் 60 கிடைக்கும்.

வீடியோ எடிட்டர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. ஜிடி 1030, ஆர்எக்ஸ் 6400 இரண்டிலும் வீடியோவை எக்ஸ்போர்ட் செய்ய உதவும் என்கோடர் கிடையாது. 4கே மானிட்டரில் படம் அழகாக வரும், ஆனால் கல்யாண வீடியோவை ஏற்றும்போது மொத்தச் சுமையும் ப்ராசஸர் தலையில் விழும். 2024-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி மாடலில் என்கோடரும் உண்டு, ஹெச்டிஎம்ஐ 2.1-ம் உண்டு. 70 வாட்தான் என்பதால் தனி பவர் கேபிள் இல்லாமலே பல மாடல்கள் ஓடும். எங்கள் பார்வையில் சின்ன ஸ்டூடியோவுக்கு இதுவே பொருத்தமான ஆரம்பம்.

புது கேமராக்களில் 10 பிட் 4:2:2 ஹெச்இவிசி-யில் எடுப்பவர்கள், என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய எந்தக் கார்டு வாங்கினாலும் டைம்லைன் திணறலாம். அந்த வகை ஃபைலை 11-ஆம் தலைமுறையில் இருந்து வரும் இன்டெல்லின் உள் கிராபிக்ஸே திறந்து காட்டும். அதனால் இவர்கள் 'எஃப்' ப்ராசஸர் வாங்காமல் இருப்பது நல்லது.

கேம் ஆடுபவர்களுக்குச் சுருக்கமாக: 4கே என்றால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் நான்கு மடங்கு வேலை. 12 ஜிபிக்குக் குறைந்த கார்டை 4கே கேமிங்கிற்கு நம்ப வேண்டாம். பட்ஜெட் இடிக்கிறதா? 1440பி மானிட்டர் எடுங்கள். அதில் புள்ளிகள் 37 லட்சம்தான்.

டப்பாவில் எழுதியதை நம்பலாமா?

ஹெச்டிஎம்ஐ 2.1 என்று போட்டிருந்தாலே 4கே 120 வரும் என்று அர்த்தமில்லை. 2.0 அளவு வசதி மட்டும் இருந்தாலும் 2.1 என்று போட விதி இடம் தருகிறது. அதனால் மானிட்டர் விவரத்தில் எந்த போர்ட்டில் எத்தனை ஹெர்ட்ஸ் என்று தேடுங்கள். கேபிள் டப்பாவில் 4கே 60-க்கு 'பிரீமியம் ஹை ஸ்பீடு', 120-க்கு 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' என்ற லேபிள் இருக்க வேண்டும். சில மானிட்டர்களில் மெனுவுக்குள் போய் ஹெச்டிஎம்ஐ பதிப்பை மாற்றினால்தான் 60 திறக்கும். கார்டு போட்ட பிறகும் கேபிளை மதர்போர்டு போர்ட்டிலேயே விட்டுவிடுபவர்களும் உண்டு, சிரிக்காதீங்க.

கடைக்குப் போகும் முன் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தையும், எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் வாட் ஸ்டிக்கரையும் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்லிம் டெஸ்க்டாப் என்றால் லோ ப்ரொஃபைல் கார்டு மட்டும்தான் உள்ளே போகும். வீட்டில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் வழக்கமாக 360 வாட் வரைதான் தாங்கும்; பெரிய கார்டு போட்டால் கரண்ட் போகும் நேரம் பார்த்து அதுவும் கூடவே நின்றுவிடும்.

தறிக்கூடத்தை ஒட்டிய ரூம் என்றால் பஞ்சுத் தூசி ஃபேனில் அடைத்துக்கொள்ளும். சேலம் வெயில் ஏப்ரல், மே-யில் 40 டிகிரியைத் தொடும் ஊர். சீசனுக்கு முன் கார்டின் ஃபேனை ஒரு முறை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். ஊதும்போது ஃபேன் வேகமாகச் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.