மிதிவண்டிக்குத் தலைக்கவசம் தேவையா?

1990ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒரு புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. மிதிவண்டி ஓட்டுவோர் சிறுவராயினும் பெரியவராயினும் தலைக்கவசம் அணிந்தே தீர வேண்டும் என்பது அச்சட்டம். உலகில் இத்தகைய சட்டம் பிறந்தது அதுவே முதன்முறை. 1994ஆம் ஆண்டு ஜனவரியில் நியூசிலாந்தும் அவ்வழியைப் பின்பற்றியது.

நெதர்லாந்து நாட்டின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கு மக்களின் தொகையைவிட மிதிவண்டிகளின் தொகை அதிகம். ஆயினும் சாதாரண மிதிவண்டிக்குத் தலைக்கவசச் சட்டம் இல்லை. அணிவோரும் மிகச் சிலரே.

புவியீர்ப்பு விசை இரு நாடுகளிலும் ஒன்றுதான். மனித மண்டையோடும் ஒன்றுதான். பின் ஏன் இந்த வேறுபாடு? இதற்கு விடை காணுமுன், தலைக்கவசம் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம்.

கவசத்தின் இயற்பியல்

மிதிவண்டியிலிருந்து விழுபவரின் தலை சுமார் 1.5 மீட்டர் உயரத்திலிருந்து தரையை நோக்கி வருகிறது எனக் கொள்வோம். தரையைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்கு 5.42 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். இந்த வேகம் முழுவதும் மிகக் குறுகிய தொலைவில் அழிய வேண்டும். அத்தொலைவு எவ்வளவு என்பதில்தான் உயிரும் சாவும் இருக்கின்றன.

இதற்கு எளிய விதி ஒன்று உண்டு. விழுந்த உயரத்தை, நிற்பதற்கு எடுத்துக்கொண்ட தொலைவால் வகுத்தால், தலை அடையும் சராசரி எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது கிடைக்கும். வெறுந்தலை கல்தரையில் மோதி 2 மில்லிமீட்டர் தொலைவில் நின்றுவிடுவதாகக் கொண்டால், 1500ஐ 2ஆல் வகுக்க, 750 மடங்கு வருகிறது. கவசம் நசுங்கி 2 சென்டிமீட்டர் இடம் கொடுத்தால் 75 மடங்குதான். தொலைவு பத்து மடங்கு கூடினால், தலை தாங்க வேண்டிய விசை பத்தில் ஒன்றாகக் குறைகிறது.

உண்மையில் விசை ஒரே சீராக இராது. உச்ச அளவு சராசரியைவிட அதிகமாகவே இருக்கும். ஐரோப்பியத் தரச் சோதனையில் பொம்மைத் தலைக்குக் கவசம் அணிவித்து, மேலே சொன்ன அதே 5.42 மீட்டர் வேகத்தில் தட்டையான இரும்பின் மீது மோதவிடுகிறார்கள். அப்போது உச்ச எதிர்முடுக்கம் 250 மடங்கைத் தாண்டக்கூடாது என்பது விதி.

நசுங்கும் வேலையைச் செய்வது கவசத்தின் உட்பகுதியில் உள்ள நுரைப்பொருள். நாம் தெர்மக்கோல் என்று அழைக்கும் பாலிஸ்டைரீன் நுரையின் அடர்த்தியான வகை அது. அதிலுள்ள நுண்ணறைகள் உடைந்து ஆற்றலை உட்கொள்கின்றன. உடைந்தவை பழைய நிலைக்கு மீள்வதில்லை. எனவே ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம், பார்வைக்கு நன்றாக இருந்தாலும், மறுபடி பயன்படாது.

எங்கே தவறுகிறது?

கவசத்தின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் தலை மோதினால், இயக்க ஆற்றல் சோதனையில் உள்ளதைப் போல் ஆறரை மடங்கு ஆகிறது. இது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். சில சென்டிமீட்டர் நுரை இதை முழுவதும் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

சுழற்சி மற்றொரு சிக்கல். ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த இயற்பியலறிஞர் ஹோல்போர்ன், மூளைக்குப் பதிலாக ஜெலட்டினைப் பயன்படுத்தி ஆராய்ந்து, 1943இல் தம் முடிவுகளை வெளியிட்டார். தலை திடீரெனச் சுழலும்போது மூளைத் திசுக்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் சிதைவுறும் என்று அவர் காட்டினார். கவசங்கள் நேர் மோதலின் விசையைக் குறைப்பதற்கே முதலில் வடிவமைக்கப்பட்டன. சுழற்சியைக் குறைக்க, உள்ளே வழுக்கும் அடுக்கு ஒன்றை அமைத்த கவசங்கள் பின்னர்தான் வந்தன.

எண்கள் சொல்வது என்ன?

காயமுற்ற 64,000க்கும் மேற்பட்ட மிதிவண்டிக்காரர்களைப் பற்றிய 40 ஆய்வுகள் 2016இல் ஒன்றாகத் தொகுக்கப்பட்டன. கவசம் அணிந்தவர்களுக்குத் தலைக்காய வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகவும், கடுமையான தலைக்காய வாய்ப்பு மூன்றில் ஒரு பங்காகவும் குறைந்திருந்தது. விழுந்த தலைக்குக் கவசம் உதவுகிறது என்பதில் இனி ஐயம் கொள்ளக் காரணமில்லை.

சட்டம் உதவுகிறதா என்பது வேறு கேள்வி. விக்டோரியாவில் கவசம் அணிவோர் ஒரே ஆண்டில் 31 விழுக்காட்டிலிருந்து 75 விழுக்காடாக உயர்ந்தனர். தலையில் காயமுற்று இறந்த அல்லது மருத்துவமனையில் சேர்ந்த மிதிவண்டிக்காரர்களுக்கான காப்பீட்டுக் கோரிக்கைகள் முதலாண்டில் 48 விழுக்காடு குறைந்தன. பெரும் வெற்றி என்றே தோன்றும்.

ஆனால் தலையில் அடிபடாமல் மற்ற உறுப்புகளில் காயமுற்றோர் எண்ணிக்கையும் 23 விழுக்காடு குறைந்தது! தலைக்கவசம் கை கால்களைக் காக்குமா? காக்காது. மெல்போர்னில் சிறுவர்கள் மிதிவண்டி ஓட்டுவது 36 விழுக்காடு குறைந்திருந்ததைக் கணக்கெடுப்புகள் காட்டின. அதே காலத்தில் அம்மாநிலம் குடித்துவிட்டு ஓட்டுவோர் மீதும், மிகை வேகத்தின் மீதும் கடும் நடவடிக்கை எடுத்தது.

ஆகவே கணக்கை இப்படிப் போட வேண்டும். முன்பு நூறு கோரிக்கைகள் இருந்த இடத்தில், மற்றக் காயங்கள் 77 ஆயின. தலைக்காயங்கள் 52 ஆயின. 77க்கும் 52க்கும் உள்ள இடைவெளியே கவசத்தின் பங்கு எனக் கருதத்தக்கது. அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 48 என்று மார்தட்டுவதும் தவறு. பயனே இல்லை என்று தள்ளுவதும் தவறு.

இரண்டு கேள்விகள்

இங்குதான் விவாதத்தின் முடிச்சு இருக்கிறது. "விழும் தலையைக் கவசம் காக்குமா?" என்பது இயற்பியலும் மருத்துவமும் விடை கூறக்கூடிய கேள்வி. "எல்லாரையும் சட்டத்தால் கட்டாயப்படுத்தலாமா?" என்பது வேறு. சட்டத்துக்கு அஞ்சி ஒரு சிறுவன் மிதிவண்டியைக் கைவிட்டால், தலைக்காயத்திலிருந்து தப்புகிறான். ஆனால் நாள்தோறும் கிடைத்த உடற்பயிற்சியை இழக்கிறான். லாபத்தையும் இழப்பையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் கவுண்டி தன் கட்டாயச் சட்டத்தை 2022இல் நீக்கியது. வீடற்றோர் மீதும் கறுப்பின மக்கள் மீதும் அச்சட்டம் அளவுக்கு மீறிப் பாய்ந்தது என்பது காரணம். ஆயினும் கவசம் அணியுங்கள் என்ற அறிவுரையை அது கைவிடவில்லை. இதில் முரண்பாடு எதுவும் இல்லை என்பது இப்போது விளங்கும்.

நெதர்லாந்து வேறொரு வழியில் சென்றது. மிதிவண்டிக்குத் தனிப் பாதைகள் அமைத்தது. குடியிருப்புத் தெருக்களில் கார்களின் வேகத்தைக் குறைத்தது. கவசம், விழுந்தபின் காப்பது. நல்ல பாதை, விழாமலே காப்பது. அத்தகைய பாதை இல்லாத ஊர்களில், லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் நடுவே ஓட்டுபவர் கவசம் அணிவது அறிவுடைமை. அணிவதென்றால் ஒழுங்காக அணிய வேண்டும்: நெற்றியை மறைத்து, அசையாமல் பொருந்தி, நாடாவைத் தாடைக்குக் கீழே மாட்டி. கைப்பிடியில் தொங்கும் கவசத்தால் எந்தப் பயனும் இல்லை.

கவசம் அணிவது நம் கடமை என்றால், பாதுகாப்பான பாதையைக் கேட்பது நம் உரிமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்க அறிவியல் இடம் தரவில்லை.