அந்த பேஸ் லைன் யாருடையது?

ராப் பாட்டுகளில் பல நேரம் வரிகளுக்கு முன்னால் மனதில் ஒட்டிக்கொள்வது பேஸ் லைன்தான். காரணம் எளிது. ராப்பில் குரல் பாடுவதில்லை, பேசுகிறது. தாளத்தை டிரம்ஸ் பார்த்துக்கொள்கிறது. நாம் முணுமுணுப்பதற்கு மெட்டு என்று மிச்சம் இருப்பது அடியில் ஓடும் பேஸ் மட்டும்தான். அதுவும் சில நொடி நீளமுள்ள ஒரு துண்டு, லூப் மாதிரி பாட்டு முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். மறக்கவே முடியாது.

சரி, பாட்டையே தூக்கி நிறுத்தும் அந்தத் துண்டை முதலில் வாசித்தவருக்கு என்ன கிடைத்தது? இதைத் தேடிப் போனால் மூன்று பாட்டுகளில் மூன்று வேறு பதில்கள் வருகின்றன.

முதலில் சட்டம் கொஞ்சம். ஒரு பாட்டில் இரண்டு தனித்தனி உரிமைகள் உண்டு. ஒன்று இயற்றியவருக்கு, இன்னொன்று ஒலிப்பதிவுக்கு. பழைய இசைத்தட்டிலிருந்து துண்டை அப்படியே வெட்டி எடுத்தால் (அதுதான் சாம்பிள்) இரண்டு அனுமதியும் வேண்டும். ஆள் வைத்துத் திரும்ப வாசித்துப் பதிவு செய்தால் ஒலிப்பதிவு உரிமை குறுக்கே வராது, ஆனால் இயற்றியவரின் உரிமை அப்படியே இருக்கும். கூலிக்கு வாசித்த கலைஞரின் பெயர் பொதுவாக இரண்டிலுமே இருக்காது.

1979இல் ஷிக் குழுவின் 'குட் டைம்ஸ்' வந்தது. பேஸ் பெர்னார்ட் எட்வர்ட்ஸ். ஒரே சுரத்தை மூன்று முறை தட்டி, கொஞ்சம் மூச்சு விட்டு, பிறகு படியேறும் அந்த பேஸ். அதே வருடம் ஷுகர்ஹில் கேங் 'ராப்பர்ஸ் டிலைட்' பாட்டை வெளியிட்டார்கள். சாம்ப்ளர் இல்லாத காலம், அதனால் ஸ்டுடியோவில் ஆட்களை உட்காரவைத்து அதே பேஸை கால் மணி நேரத்துக்குக் கிட்ட வாசிக்க வைத்தார்கள். வாசித்தவர்களின் விரல் என்ன பாடுபட்டிருக்கும்! எட்வர்ட்ஸும் நைல் ராட்ஜர்ஸும் வழக்கு போடுவோம் என்றதும் பாட்டை இயற்றியவர்களாக அவர்கள் பெயர் சேர்க்கப்பட்டது. எட்வர்ட்ஸ் தப்பித்ததற்குக் காரணம் அவர் வாசித்தவர் என்பதல்ல, பாட்டை எழுதியவர்களில் ஒருவர் என்பதுதான்.

இரண்டாவது 1983. நியூயார்க்கின் லிக்விட் லிக்விட் என்ற சின்னக் குழுவின் 'கேவர்ன்'. அதே ஷுகர் ஹில் நிறுவனம் அந்த பேஸைத் திரும்ப வாசித்து மெல்லி மெல்லின் 'வைட் லைன்ஸ்' பாட்டாக்கியது. குழுவின் பாட்டுகளை வெளியிட்ட 99 ரெக்கார்ட்ஸ் வழக்கு போட்டு ஜெயித்தது. ஆனால் பணம் வருவதற்குள் ஷுகர் ஹில் திவாலாகிவிட்டது, 99 ரெக்கார்ட்ஸும் மூடப்பட்டது. கையில் தீர்ப்பு மட்டும் மிச்சம். (அந்த பேஸை வாசித்த ரிச்சர்ட் மெக்வயர்தான் பிற்பாடு 'ஹியர்' என்ற புகழ்பெற்ற சித்திர நாவலைப் படைத்தவர். அது தனிப் பதிவுக்கான விஷயம்.)

மூன்றாவதுதான் எனக்கு ரொம்ப உறுத்துவது. லூ ரீடின் 'வாக் ஆன் த வைல்ட் சைட்', 1972. அந்த வழுக்கிச் செல்லும் பேஸை வாசித்தவர் ஹெர்பி ஃப்ளவர்ஸ். முதலில் டபுள் பேஸில் வாசித்துவிட்டு, அதன் மேலேயே எலெக்ட்ரிக் பேஸில் இன்னொன்றைச் சேர்த்தார். இரண்டு கருவி வாசித்தால் இரட்டைச் சம்பளம் என்பதுதான் காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1990இல் எ ட்ரைப் கால்டு க்வெஸ்ட் இதைச் சாம்பிள் செய்து 'கேன் ஐ கிக் இட்?' பாட்டை உருவாக்கினார்கள். அந்தப் பாட்டில் வந்த ராயல்டி முழுக்க லூ ரீடுக்கே போனது என்று குழுவின் ஃபைஃப் டாக் பின்னர் பேட்டியில் சொன்னார். ராப் செய்தவர்களுக்கும் இல்லை, பேஸ் போட்டவருக்கும் இல்லை. லூ ரீட் சட்டப்படி செய்ததில் தப்பில்லைதான். ஆனால் அந்த பேஸை எடுத்துவிட்டால் இரண்டு பாட்டிலும் என்ன மிஞ்சும்? போட்டுக் கேட்டுப் பாருங்கள், ஹெட்ஃபோனில். பேஸ் கிடாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலிக்கும், போன் ஸ்பீக்கரில் அது வரவே வராது.

மறு வருடம், 1991இல், அதே குழு 'தி லோ எண்ட் தியரி' ஆல்பத்தின் ஒரு பாட்டுக்காக மைல்ஸ் டேவிஸிடம் வாசித்த ரான் கார்ட்டரையே ஸ்டுடியோவுக்கு அழைத்து டபுள் பேஸ் வாசிக்க வைத்தது. அந்தப் பாட்டுக்குள்ளேயே அவர் பெயரையும் சொல்கிறார்கள்.