தெரிந்ததை ஏன் சொல்லித் தர வேண்டும்?

“பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தில் வேலை செய்பவர், தமக்குத் தெரிந்ததைச் சக ஊழியருக்கு ஏன் சொல்லித் தர வேண்டும்?” இந்தத் தவணையில் எங்களுக்குக் கிடைத்த இடுபணியின் கேள்வி இது. வகுப்பில் பெரும்பாலோர் ‘பணம்’, ‘பதவி உயர்வு’ என்றார்கள். எனக்கோ கேமரன் மலையில் கொழுந்து பறித்த பாட்டியின் நினைவு வந்தது. விடுமுறையில் தானா ராத்தாவுக்குப் போனபோது அவரிடமே கேட்டேன்.

பாட்டி வேலை செய்த தோட்டத்தில் எடைக்குத்தான் கூலி. புதிதாக வந்தவரிடம் ‘இரண்டு இலை, ஒரு மொட்டு’ என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால், எதை இன்று பறிப்பது, எதை அடுத்த சுற்றுக்கு விடுவது, இரண்டு கையாலும் நசுங்காமல் எப்படிக் கிள்ளுவது என்பதெல்லாம் பக்கத்தில் நின்று காட்டினால்தான் வரும். காட்டும் நேரத்தில் அவருடைய கூடை நிறையாது.

“அப்புறம் ஏன் பாட்டி சொல்லிக் கொடுத்தீங்க?”

“எனக்கும் ஒருத்தவங்க சொல்லிக் கொடுத்தாங்கம்மா. அந்தப் புள்ள நல்லா பறிச்சா, யாரு பழக்கின கைன்னு கேப்பாங்க. அது போதும்.”

ஆனாலும், வேகமாகப் பறிக்கும் சில வழிகளை நெருங்கியவர்களிடம் மட்டுமே சொன்னாராம். எல்லாரும் வேகமாகப் பறித்தால், நாளுக்கு இத்தனை கிலோ என்ற அளவைக் கூட்டிவிடுவார்களோ என்ற பயம்.

அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனத்திலும் இதைப் போன்ற ஒன்று நடந்தது. நகல் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களை 1980களில் ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர் ஆராய்ந்தார். கையேட்டில் இல்லாத தீர்வுகளை அவர்கள் பசியாறும்போதும் காப்பி குடிக்கும்போதும் பேசியே கற்றுக்கொண்டார்கள். அந்தப் பேச்சைக் கணினியில் சேர்த்து வைக்க, 1990களில் ‘யுரேகா’ என்ற அமைப்பு உருவானது. ஒருவர் அனுப்பும் குறிப்பை அனுபவமுள்ள சக ஊழியர்கள் சரிபார்ப்பார்கள். சரியென்றால், எழுதியவரின் பெயரோடு அது எல்லாருக்கும் போகும். குறிப்புக்குப் பணம் தரலாமா என்ற பேச்சும் எழுந்தது. ஊழியர்கள் பெயரே போதும் என்றார்கள். பணம் கொடுத்தால் தரம் போய் எண்ணிக்கைதான் பெருகும் என்ற கவலை அவர்களுக்கு இருந்தது.

பணம் முக்கியமில்லை என்பது இதன் பொருளன்று. அந்த ஊழியர்கள் பாட்டியைப் போல் கிலோ கணக்கில் கூலி வாங்கியவர்கள் அல்லர். சொல்லித் தருபவருக்கு நட்டம் வரக் கூடாது. சொன்னது அவருக்கே எதிராகத் திரும்பக் கூடாது. அவர் பெயர் நிற்க வேண்டும். தோட்டமானாலும் தொழில்நுட்ப நிறுவனமானாலும் இந்த மூன்றும் இருந்தால்தான் மனிதர்கள் வாய் திறப்பார்கள்.

நம் நிலையும் அதுதானே? புலனக் குழுவில் ஒருவர் குறிப்புகளைப் பகிர்கிறார். அதை இன்னொருவர் தம் பெயரில் சமர்ப்பிக்கிறார். அடுத்த முறை முதலாமவர் பகிர்வாரா?

கேமரன் மலையில் இன்று பல சரிவுகளில் கத்தரியும் இயந்திரமும்தான் கொழுந்தை வெட்டுகின்றன. பாட்டியின் கைப்பழக்கம் எந்தக் கையேட்டிலும் இல்லை. அதனால், அவர் சொன்னதையெல்லாம் அவருடைய பெயரோடு இடுபணியில் சேர்த்தேன். அச்சிட்டுக் கொண்டுபோய்க் காட்டியபோது, தம் பெயர் இருந்த வரியில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

“வேகமா பறிக்க இன்னொரு வழி இருக்கு. சொல்றேன், எழுதிக்கோ.”