தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு... அப்புறம் ஏன் மீன் சாகுது? கொல்லிமலை வீட்டுக் குளத்துக்கு ஒரு டிரம் ஃபில்டர்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. அங்கே அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டி ஓடும் ஐயாற்றில் இருக்கும் மீன்களை யாரும் பிடிக்க மாட்டார்கள். வெட்டிச் சமைத்த மீன்கள் மறுபடி உயிர் பெற்றுத் துள்ளின என்கிறது தலக் கதை. அதனால் மீனுக்கு இங்கே தனி மரியாதை. கோயிலுக்கு வருபவர்கள் அவற்றுக்கு உணவு போடுவதும் வழக்கம்.

அந்த ஆற்றுக்கு யாரும் ஃபில்டர் மாட்டவில்லை. ஆனால், அதே மலையில் வீட்டுக்குப் பின்னால் 1,000 லிட்டர் தொட்டி கட்டி, ஊற்றுத் தண்ணீர் நிரப்பி, பத்துப் பதினைந்து மீன் விட்டுப் பாருங்கள். சில நாட்களிலேயே ஒவ்வொன்றாக மிதக்க ஆரம்பிக்கலாம். தண்ணீர் என்னவோ தெளிவாகத்தான் இருக்கும். அப்போ என்னதான் நடக்குது?

தெளிவான தண்ணீர் நல்ல தண்ணீரா?

இல்லை. மீன் சாப்பிட்டதில் கழிவாகும் நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனியாவாக அதன் செவுள் வழியாகவே தண்ணீரில் கலக்கிறது. மிச்ச உணவு அழுகினாலும் அம்மோனியாதான். இதற்கு நிறம் கிடையாது. செவுளை அரிக்கும் அளவுக்குச் சேர்ந்த பிறகும் கண்ணுக்குத் தெரியாது.

இதைச் சரிசெய்பவை பாக்டீரியாக்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் ஆபத்துதான், மீனின் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டின் நச்சுத்தன்மை மிகவும் குறைவு, செடிகளுக்கு அது உரம்.

இந்த பாக்டீரியாக்கள் கல், வேர், மணல் என ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டி வாழ்பவை. ஓடும் தண்ணீரும் ஆக்ஸிஜனும் வேண்டும். ஆற்றில் இரண்டுக்கும் குறையில்லை. சிமென்ட் தொட்டியில் இரண்டுமே குறைவு. ஆக, நாம் கட்டப்போகும் ஃபில்டர் வெறும் வடிகட்டி இல்லை, பாக்டீரியாவுக்கு ஒரு வீடு.

என்னென்ன வேண்டும்?

1,000 லிட்டர் தொட்டிக்கு:

• 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம் (உணவுப் பொருள் வந்தது மட்டும், கெமிக்கல், பூச்சிமருந்து டிரம் வேண்டவே வேண்டாம்)
• மணிக்குச் சுமார் 1,000 லிட்டர் தள்ளும் சப்மெர்சிபிள் பம்ப். டிரம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப பம்பின் வேகம் குறையும், அதைப் பார்த்து வாங்குங்கள்
• 1 இன்ச், 2 இன்ச் பிவிசி பைப், டேங்க் நிப்பிள், ஒரு பால் வால்வு
• பிளாஸ்டிக் கூடை, சோப்பு படாத நைலான் ஸ்க்ரப்பர், நன்றாகக் கழுவிய செங்கல் ஜல்லி, பழைய பாட்டில் மூடிகள்

எப்படிக் கட்டுவது?

1. டிரம்மைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே, உறுதியான மேடையில் வையுங்கள். நிரம்பினால் 200 கிலோவுக்கு மேல் கனக்கும்.

2. பம்பிலிருந்து வரும் 1 இன்ச் பைப்பை டிரம்மின் அடிவரை இறக்குங்கள். தண்ணீர் கீழிருந்து மேலே ஏற வேண்டும். அப்போதுதான் கனமான கசடு அடியிலேயே தங்கும்.

3. அடியில் ஒரு சாண் இடத்தைக் காலியாக விட்டு, அதற்கு மேல் பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து வையுங்கள். காலி இடத்தில் பால் வால்வு. அதுதான் கசடு வெளியேறும் வழி.

4. கூடைக்கு மேல் முதலில் ஸ்க்ரப்பர், பிறகு செங்கல் ஜல்லி, மேலே வலைப்பையில் கட்டிய பாட்டில் மூடிகள். ஒவ்வொரு துண்டின் பரப்பும் பாக்டீரியாவுக்கு இடம்.

5. மேலே 2 இன்ச் பைப் வழியாகத் தண்ணீர் அருவி மாதிரி தொட்டியில் விழட்டும். விழும்போதே ஆக்ஸிஜன் கலக்கும்.

பலரும் சறுக்குவது இந்த ஐந்தாவது ஸ்டெப்பில்தான். வெளியேறும் பைப் உள்ளே வரும் பைப்பைவிடப் பெரிதாக இல்லையென்றால் டிரம் வழியும். நீங்கள் தூங்கி எழுவதற்குள் பம்ப் குளத்தையே காலி செய்துவிடும். அதற்காகவே பம்பைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் உயரத்தில் வையுங்கள். என்ன ஆனாலும் அடியில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும். தண்ணீருக்குள் கரண்ட் போகிறது என்பதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம்.

மலையில் மட்டும் என்ன வித்தியாசம்?

குளிர்: இந்த பாக்டீரியாக்கள் 25 முதல் 30 டிகிரி வரை சுறுசுறுப்பாக வேலை செய்யும். மார்கழி, தைக் குளிரில் மந்தமாகிவிடும். அந்த மாதங்களில் உணவைக் குறையுங்கள்.

தண்ணீர்: மழை நீரிலும் மலை ஊற்று நீரிலும் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து குறைவு. அம்மோனியாவை மாற்றும் வேலையில் பாக்டீரியா தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே இருக்கும். நாளாக ஆக பிஹெச் சரிந்து ஃபில்டரே நின்றுபோகலாம். தீர்வு எளிது: ஒரு வலைப்பையில் கிளிஞ்சல் கட்டி டிரம்மில் போடுங்கள். தேவைக்கேற்ப அது கரையும்.

கரண்ட் கட்: பம்ப் பல மணி நேரம் நின்றால் டிரம்முக்குள் ஆக்ஸிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிடாதீர்கள். முதலில் வால்வைத் திறந்து டிரம்மில் தேங்கிய தண்ணீரைச் செடிக்கு விட்டுவிட்டு, பிறகு பம்பைப் போடுங்கள்.

கரண்ட் பில் எகிறுமா?

40 வாட் பம்ப் 24 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்குச் சுமார் 1 யூனிட், இரண்டு மாதத்துக்கு 58 யூனிட் வரை. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதை வைத்து உங்கள் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று ராத்திரி பம்பை ஆஃப் செய்வது மட்டும் வேண்டாம்.

எப்போ கழுவணும்?

வாரம் ஒருமுறை அடி வால்வைத் திறந்து கசடை வெளியேற்றினால் போதும். வாழைக்கும் மிளகுக்கொடிக்கும் அது நல்ல உரம். ஸ்க்ரப்பர் அடைத்துக்கொண்டால் குளத்துத் தண்ணீரிலேயே அலசுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று தேய்த்துக் கழுவினால், வாரக்கணக்கில் வளர்ந்த பாக்டீரியா ஐந்து நிமிடத்தில் போய்விடும்.

மீனை எப்போ விடலாம்?

இங்கேதான் பொறுமை தேவை. புது ஃபில்டரில் பாக்டீரியா செட்டாகப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும், குளிரில் இன்னும் கூடலாம். நண்பர் வீட்டில் நன்றாக ஓடும் ஃபில்டரிலிருந்து ஒரு ஸ்க்ரப்பர் கிடைத்தால் சீக்கிரம் தொடங்கும். முதலில் இரண்டு மூன்று மீன் மட்டும். ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே உணவு. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் டெஸ்ட் கிட்டில் பூஜ்ஜியம் காட்டிய பிறகே அடுத்த மீன்.

மானியம் உண்டா?

2020-ல் தொடங்கிய மத்திய அரசின் பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற அலங்கார மீன் வளர்ப்புக்கும், இதே மாதிரி தண்ணீரைச் சுழற்றிப் பயன்படுத்தும் சிறிய அமைப்புகளுக்கும் இடம் உண்டு. பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் 60 சதவீதம் என்பது மானிய விகிதம. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியா ஒண்ணு

திலேப்பியா, 'டேங்க் கிளீனர்' என்று விற்கும் சக்கர் மீன் போன்றவற்றை ஓடையில் விட்டுவிடாதீர்கள். மழையில் குளம் நிரம்பி வழிந்தாலும் மீன் வெளியேறாதபடி வழியும் இடத்தில் வலை கட்டுங்கள். மலையின் ஓடைகள் ஐயாற்றில் சேர்கின்றன. அது ஆகாய கங்கையில் விழுந்து புளியஞ்சோலை வழியாகக் கீழே போகிறது. உங்கள் தொட்டியிலிருந்து தப்பும் ஒரு ஜோடி வெளிநாட்டு மீன், கோயில் ஆற்று மீன்களின் இடத்தையும் உணவையும் பிடுங்கிக்கொள்ளலாம். அதன் பிறகு எந்த ஃபில்டராலும் அதைச் சரிசெய்ய முடியாது.